குறைதீர் அலுவலரும் கோல்கீப்பரும்

மாதனூர் மகளிர் கால்பந்துக் கழகம் முதல் பிரிவுக்குப் போகிறது என்று கடிதம் வந்த அன்று, விஜயகுமாரி அதை மூன்று தடவை படித்தாள். முதல் தடவை சந்தோஷத்தில். இரண்டாம் தடவை சந்தேகத்தில். மூன்றாம் தடவை படிப்பதற்கு முன்னால், வேறு யாருக்கோ வந்தது நம் வீட்டுக்கு வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பி முகவரியைப் பார்த்துக்கொண்டாள். முகவரி சரியாகத்தான் இருந்தது.

அவள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. பாலாற்றுப் படுகை மகளிர் கால்பந்து சம்மேளனத்தின் இரண்டாம் பிரிவில் மொத்தம் ஐந்து அணிகள். மாதனூருக்கு எப்போதும் நான்காம் இடம். ஐந்தாம் இடத்து அணி இரண்டு வருஷமாக மைதானத்துப் பக்கமே வரவில்லை. வராத அந்த அணியை ஜெயித்ததாக எழுதிக்கொடுக்கிற புள்ளிகளில்தான் மாதனூரின் மானம் நின்றுகொண்டிருந்தது.

கழகத்தில் பதினான்கு பெண்கள். பதினான்கு பேரும் ஆம்பூர் சாலையில் இருக்கிற ஒரே ஷூ கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் ஆறேகாலுக்கு இறக்கிவிடும். அதற்கப்புறம் வெளிச்சம் இருக்கிற அரைமணி நேரம் பாலாற்றங்கரை மைதானத்தில் பயிற்சி. விஜயகுமாரிக்கு அங்கே செக்கிங் வேலை. தைத்து வருகிற தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பகலெல்லாம் ஒரு தையலைக்கூடத் தப்பவிடாத கண்கள் அவளுக்கு. சாயங்காலம் கோல் கம்பத்துக்கு நடுவே போய் நின்றால் அதே கண்கள் எல்லாவற்றையும் தப்பவிட்டுவிடும். பதினோரு வருஷமாக அவள்தான் கோல்கீப்பர். வேறு யாரும் அந்த இடத்தைக் கேட்டதில்லை.

நாற்பத்தொரு வயதாகிவிட்டது. உட்கார்ந்து எழுந்தால் வலது முட்டி சத்தம் போடுகிறது. இன்னும் ஒரு வருஷம் விளையாடலாம், அதற்குமேல் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் புருஷன் மூர்த்தியிடம் சொன்னாள்.

"ஒரே ஒரு மேட்ச்சுங்க. மேல் பிரிவுல, நம்ம கோல்ல நான் நிக்கணும். அப்புறம் கையுறையக் கழட்டி ஆணில மாட்டிட்றேன்."

"ஆணிய நான் இப்பவே அடிச்சி வெச்சிட்றேன்" என்றார் மூர்த்தி. லோடு ஆட்டோ ஓட்டுகிற மனுஷன், சொன்ன சொல் தவறாதவர். அன்றைக்கே அடித்துவிட்டார்.

மறுவாரம் சம்மேளனச் செயலாளர் கிருஷ்ணராஜ் மைதானத்துக்கு வந்தார். முதலில் மேஜை வந்தது. பிறகு மேஜைக்குத் துணி வந்தது. பிறகு அவருக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடையை அவருடைய டிரைவரே காரிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். கழகத்துத் தலைவி பாரதி அதை வாங்கி அவருக்குப் போர்த்தினாள். டிரைவர் அதை மடித்துக் காருக்கே கொண்டுபோனார். செயலாளர் பேசினார்.

"முதல் பிரிவில் இரண்டு இடங்கள் காலியாகிவிட்டன. ஓர் அணியில் எல்லோருக்கும் திருமணமாகிவிட்டது. இன்னோர் அணி த்ரோபாலுக்கு மாறிவிட்டது. எனவே இரண்டாம் பிரிவின் முதல் மூன்று அணிகளைத்தான் அணுகினோம். அவர்களோ, நாங்கள் விளையாடவே விரும்புகிறோம் என்று எழுத்து மூலமாகத் தெரிவித்துவிட்டார்கள். நான்காவதாக உங்களைத் தேர்ந்தெடுத்தோம். தகுதி இருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். தகுதியை மட்டும் பார்த்தால் சம்மேளனத்தில் யாருமே இருக்க முடியாது. நானே இருபத்திரண்டு வருடமாகச் செயலாளர். இன்றுவரை பந்தைத் தொட்டதில்லை. தொட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோமோ என்ற அச்சம்தான் காரணம். நடுநிலை என்பது அதுதான்."

கைதட்டினார்கள். விஜயகுமாரியும் தட்டினாள். கையுறையோடு தட்டியதால் சத்தம் வரவில்லை.

கீழ்ப்பிரிவில் கடைசியான இந்தப் பருவம் முடிவதற்குள் கழகம் எட்டு அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்றார் செயலாளர். ஊடக அலுவலர், பாதுகாப்பு அலுவலர், மருத்துவ அலுவலர், விருந்தோம்பல் அலுவலர் என்று வாசித்துக்கொண்டே போனார். அலுவலராக இருப்பவர் விளையாடக் கூடாது. விளையாடுபவர் அலுவலராக இருக்கக் கூடாது. கடைசி ஆட்டத்தன்று சரிபார்ப்பு அலுவலர் நேரில் வருவார். எட்டில் ஒரு நாற்காலி காலியாக இருந்தாலும் முதல் பிரிவு கிடையாது.

"எட்டாவது, குறைதீர் அலுவலர். கழகத்துக்குள் எந்தக் குறையானாலும் அவர் சொல்வதே இறுதித் தீர்ப்பு. அதை நான்கூட மாற்ற முடியாது. இதுவரை மாற்ற வேண்டி வந்ததும் இல்லை. எந்தக் கழகத்திலும் எந்தக் குறைதீர் அலுவலரும் எந்தத் தீர்ப்பும் சொன்னதில்லை."

முதலில் போனவள் ஹுமேரா. அணியில் கோல் போடத் தெரிந்த ஒரே பெண். அவள் போனில் படம் தெளிவாக விழும் என்பதால் ஊடக அலுவலர் ஆனாள். கழுத்தில் நாடா போட்ட அட்டை கொடுத்தார்கள். ஓரத்தில் துணி போட்ட நாற்காலி கொடுத்தார்கள். அதற்கப்புறம் அவள் பேச்சே மாறிவிட்டது.

"ஹுமேரா, டீ வந்திச்சா?" என்று விஜயகுமாரி கேட்டால், "அத்தப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாதுக்கா. ஆட்டம் முடிஞ்சதும் அறிக்கை வரும்" என்பாள்.

அடுத்தது கண்ணம்மாள். தடுப்பாட்டத்தில் சுவர் மாதிரி நிற்கிறவள். குரல் பெரிசு என்பதால் பாதுகாப்பு அலுவலர். மறுநாளே மைதானத்து வாசலில் விஜயகுமாரியை நிறுத்தினாள்.

"கார்டு எங்க?"

"ஏண்டி, இப்பத்தான ரெண்டு பேரும் ஒரே சீட்ல உக்காந்து வந்தோம்?"

"அது பஸ்ஸுக்கா. இது வளாகம்."

விஜயகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் யாரும் பார்க்காதபோது ஹுமேராவின் அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டி, போனில் தன் முகத்தைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. உடனே கழற்றிவிட்டாள். அட்டை மாட்டினால் கோலில் நிற்க முடியாது.

இப்படி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒருத்தியாக ஓரத்து நாற்காலிக்குப் போனார்கள். பதின்மூன்று பேரோடு முதல் ஆட்டம் ஆறு கோலில் தோல்வி. பத்துப் பேரோடு நான்காவது ஆட்டம் ஒன்பது கோலில் தோல்வி. அதற்கு சம்மேளனத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. நிர்வாகத்தில் கழகம் காட்டிவரும் முன்னேற்றம் மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டு என்று எழுதியிருந்தார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பாரதி ஷூ பெட்டி மூடியைத் திருப்பிப் போட்டுப் பேனாவால் கணக்குப் போட்டாள்.

"ஏழு பேரு ஆபீசருங்க. ஏழு பேரு ஆடறவங்க. எட்டாவது நாக்காலி காலியா கீது. நம்மள்ள ஒருத்தி போயி உக்காந்தா ஆட ஆறு பேருதான். ஏழுக்குக் கம்மியானா ஆட்டமே கெடயாதுன்றாங்க. கெளப்பையே எடுத்துடுவாங்களாம்."

"புதுசா ஒருத்தியச் சேத்துக்கலாம்" என்றாள் ஹுமேரா. இது அவள் ஊடக அலுவலராக இல்லாமல் சொன்ன ஒரே வார்த்தை.

"பேரு எழுதற தேதி முடிஞ்சி போச்சி. எட்டும் ஏழும் பதினஞ்சு. நாம பதினாலு. பேஜாரா போச்சிக்கா."

எல்லோரும் விஜயகுமாரியைப் பார்த்தார்கள். கோலில் ஆள் நின்றாலும் நிற்காவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அந்தப் பார்வையில் இருந்தது. வாய் விட்டு யாரும் சொல்லவில்லை. நல்ல பெண்கள்.

விஜயகுமாரி யோசித்தாள். கோலில் நிற்காமல் முதல் பிரிவுக்குப் போவதும், முதல் பிரிவுக்குப் போகாமல் கோலில் நிற்பதும் அவளுக்கு ஒன்றுதான். இரண்டிலும் ஆணி மட்டுமே மிச்சம். அப்போதுதான் அவளுக்குக் கம்பெனி ஞாபகம் வந்தது.

ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் சார்பில் கம்பெனிக்கு ஆடிட் வருகிற நாள் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நாளே சுவருக்குப் பெயின்ட். நர்சரியிலிருந்து வாடகைக்குப் பூந்தொட்டி. எல்லோருக்கும் மாஸ்க், தொப்பி, நீலக் கோட்டு. என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று நாள் ஒத்திகை. அதில் விஜயகுமாரிக்குத் தனி வேலை ஒன்று இருந்தது. கீழே தையல் பகுதியில் அவள் பச்சைப் பட்டை கட்டிக்கொண்டு முதலுதவிக்காரியாக நிற்பாள். ஆடிட்டர் லிஃப்டில் மேலே ஏறுவதற்குள் பின்பக்கப் படிக்கட்டில் ஓடி, பேக்கிங் பகுதியில் சிவப்புப் பட்டையோடு தீயணைப்புக்காரியாக நிற்பாள். எட்டு வருஷமாக ஒரு ஆடிட்டரும் கண்டுபிடித்ததில்லை. உங்களிடம் திறமையான பெண்கள் நிறைய இருக்கிறார்கள் என்று ஒருவர் எழுதிக்கூட வைத்தார்.

"நானே ரெண்டுலயும் நின்னுட்றேன்" என்றாள் விஜயகுமாரி.

யாரும் ஆச்சரியப்படவில்லை. "எந்த வழியா ஓடுவ?" என்று மட்டும் கண்ணம்மாள் கேட்டாள்.

கோலுக்குப் பின்னால் பழைய பம்ப்செட் அறை. அங்கிருந்து சீமைக்கருவேலம் புதர் ஓரமாகவே, அலுவலர்களுக்குப் போடுகிற கூடாரத்தின் பின்பக்கம் வரைக்கும் வந்துவிடலாம். காகிதத்திலும் சிக்கல் இல்லை. கம்பெனி அட்டையில் அவள் அப்பா இனிஷியலோடு விஜயகுமாரி. ரேஷன் கார்டில் புருஷன் இனிஷியலோடு வெறும் விஜயா. அரசாங்கமே அவளை இரண்டு பேராக வைத்திருக்கும்போது கழகம் வைத்துக்கொள்வதில் என்ன குற்றம் என்று பாரதி கேட்டாள். குறைதீர் அலுவலராக மூ. விஜயா என்று எழுதி அனுப்பினார்கள்.

கடைசி ஆட்டம் நெமிலி அணியோடு. நெமிலிப் பெண்கள் நாற்று நட்ட கையோடு டெம்போவில் வந்து இறங்கினார்கள். அவர்களிடம் அலுவலர் ஒருத்திகூட இல்லை. பதினோரு பேரும் விளையாட வந்திருந்தார்கள். சரிபார்ப்பு அலுவலர் கார்முகிலன் அதை வருத்தத்தோடு குறித்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. ஆட்களை எண்ணுவது தொடக்கத்தில் ஒரு தடவைதான் என்பதால், நடுவர் ஏழு என்று எண்ணிவிட்டு விசிலை ஊதினார். கூடாரத்தில் கார்முகிலன் எட்டுப் பக்கப் படிவத்தை விரித்தார். அலுவலர்கள் வரிசையாக மாஸ்க் போட்டு, கைகளை மடிமேல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஊடக அலுவலரின் பணி என்ன?" என்று கேட்டார்.

ஹுமேரா எழுந்து நின்றாள். படிவத்தைப் பார்த்ததும் கம்பெனி ஒத்திகைதான் வாயில் வந்தது. "குடிக்கத் தண்ணி நல்லா வருது சார். யாரும் எங்கள திட்றதில்ல சார். நேரத்துக்கு வூட்டுக்கு அனுப்பிட்றாங்க சார்."

கார்முகிலன் சரி போட்டார். கண்ணம்மாள் பக்கம் திரும்பினார். "ஆபத்து நேரத்தில் என்ன செய்வீர்கள்?"

"லிஃப்ட்ல ஏற மாட்டோம் சார்."

அவர் மைதானத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். மேலே ஆகாயம், கீழே புல், தூரத்தில் இரண்டு ஆடு. 'வளாகத்தில் லிஃப்ட் பயன்பாடு அறவே இல்லை' என்று எழுதி, அதற்கும் சரி போட்டார்.

"குறைதீர் அலுவலர் எங்கே?"

கண்ணம்மாள் இரண்டு தடவை இருமினாள். அதுதான் அடையாளம். மைதானத்துக் கோடியில் மூன்று கோல் வாங்கி நின்றுகொண்டிருந்த விஜயகுமாரி பம்ப்செட் அறைக்குள் நுழைந்தாள். நீலக் கோட்டு, மாஸ்க், தொப்பி, அட்டை. முட்டி சத்தம் போடப் போட, புதர் ஓரமாக ஓடிவந்து கூடாரத்துக்குள் நடந்து நுழைந்தாள். ஓடிவந்ததை நடந்து வந்தது மாதிரி காட்டுவது எட்டு வருஷப் பழக்கம்.

"கழகத்தில் என்னென்ன குறைகள் வந்துள்ளன?"

"ஒரு கொறயும் இல்ல சார்."

கார்முகிலன் பேனாவை மூடினார். "அப்படிச் சொல்லக் கூடாதம்மா. குறையே இல்லாத கழகத்துக்குக் குறைதீர் அலுவலர் எதற்கு? பதிவேட்டில் ஒரு குறையாவது இருந்தால்தான் பதவி நிற்கும். நானெல்லாம் என் அலுவலகத்தில் மாதம் இரண்டு குறையை நானே உண்டாக்கிக்கொள்கிறேன். இப்போதே ஒரு மனுதாரரை அழைத்து வாருங்கள்."

விஜயகுமாரி மைதானத்தைப் பார்த்தாள். ஆறு பேரும் பந்துக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியை இழுத்தால் கோல் வரைக்கும் காலி. "கோல்கீப்பருக்கு ஒரு கொற கீது சார். அனுப்பி வெக்கிறேன்" என்று வெளியே போனாள்.

புதர் ஓரமாகத் திரும்பி ஓடினாள். பம்ப்செட் அறையில் கோட்டைக் கழற்றும்போதுதான் மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை என்பது காதில் உறைத்தது. எட்டிப் பார்த்தாள். கோலுக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில், நெமிலியின் கங்கம்மாள் பந்தின்மேல் காலை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். முன்னால் காலிக் கோல். நடுவர் என்ன செய்வது என்று தெரியாமல் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அட, போட்டுட்டு வாடி" என்று நெமிலிக்காரி ஒருத்தி கத்தினாள்.

"காலிக் கோல்ல போட்டுட்டு ஊருக்குப் போயி இன்னான்னு சொல்றது? அந்தக்கா வரட்டும்" என்றாள் கங்கம்மாள். விஜயகுமாரியைப் பார்த்ததும், "வேலயா போனியாக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. இன்னும் ஒரு வாட்டி போணும். கொஞ்சம் பொறுத்துக்கோ."

"போய்ட்டு வா. நான் நிக்கிறேன்."

மண் ஒட்டிய சட்டையும் கையுறையுமாக விஜயகுமாரி, மாஸ்க் இல்லாத முகத்தோடு மைதானத்தின் குறுக்கே நடந்து கூடாரத்துக்குப் போனாள்.

"உமது குறை என்ன?" என்று கார்முகிலன் கேட்டார்.

அதற்கு ஒத்திகை இல்லை. அதனால் உண்மை வந்துவிட்டது. "என்ன கோல்ல நிக்கவே வுட மாட்றாங்க சார். நிக்கிறதுக்குள்ள கூப்புட்டு வுட்றாங்க."

"நியாயமான குறை" என்று எழுதிக்கொண்டார். "குறைதீர் அலுவலர் எங்கே? இரண்டு பேரும் என் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும்."

கூடாரத்தில் ஏழு அலுவலர்களும் தரையைப் பார்த்தார்கள். இது கம்பெனியில் ஒருநாளும் வராத கேள்வி. எந்த ஆடிட்டரும் முதலுதவியையும் தீயணைப்பையும் சேர்த்து நிற்கவைத்துப் பார்த்ததில்லை. விஜயகுமாரி தன் வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே போக நான்கு அடி எடுத்துவைத்தாள்.

ஹுமேராதான் காப்பாற்றினாள். எழுந்து நின்று, பருவம் முழுக்கப் பழகிய குரலில் சொன்னாள்: "சார், கொற சொல்றவங்க எதிர்ல கொறதீர் அலுவலர் உக்காந்தா பாரபட்சம்னு பேப்பர்ல வரும் சார். தனித்தனியா போட்டாத்தான் நடுநிலை."

நடுநிலை என்ற சொல்லைக் கேட்டதும் கார்முகிலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மிகச் சரி. சம்மேளனத்தின் உயிர்நாடியே அதுதான்."

விஜயகுமாரி நடந்து, ஓடி, கோட்டு மாட்டி, ஓடி, நடந்து வந்தாள். கையெழுத்துப் போட்டாள். அவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே?"

"ஒரே கம்பெனி சார். பதினோரு வருஷமா ஒரே லைன்."

'எல்லா மட்டத்திலும் ஒரே தரம்' என்று எழுதி, கடைசிச் சரியையும் போட்டார்.

அவள் கோலுக்குத் திரும்பியபோது கங்கம்மாள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். "ரெடியாக்கா?" என்று கேட்டாள். "ரெடி" என்றாள் விஜயகுமாரி. கங்கம்மாள் உதைத்தாள். பந்து விஜயகுமாரியின் இரண்டு காலுக்கும் நடுவே உள்ளே போனது. ஏழு கோல் வித்தியாசத்தில் கீழ்ப்பிரிவின் கடைசி ஆட்டம் முடிந்தது. மாதனூர் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. பொன்னாடை மறுபடியும் காரிலிருந்து இறங்கியது.

பத்து நாள் கழித்துச் சரிபார்ப்பு அறிக்கை வந்தது. குறைதீர் அலுவலர் மூ. விஜயா என்பவரைப் பற்றி முழுதாக ஒரு பக்கம் புகழ்ந்திருந்தது. அவருடைய அமைதி, நிதானம், நடை ஆகியவை முதல் பிரிவுக்கே பெருமை சேர்க்கும் என்றிருந்தது. கீழே மூன்று வரி:

'கோல்கீப்பர் விஜயகுமாரி அடிக்கடி தம் இடத்தில் இல்லை. முதல் பிரிவுக்குத் தகுதியற்றவர். அவரை நீக்கும் ஆணையைக் குறைதீர் அலுவலர் நேரில் வழங்க வேண்டும்.'

விஜயகுமாரி அதை மூன்று தடவை படித்தாள். மூர்த்தி எட்டிப் பார்த்துவிட்டு ஆணியை ஒரு தடவை பார்த்தார்.

அவள் சமையலறைக்குப் போய், அடுப்பை அணைத்துவிட்டு, அறிக்கையோடு வந்திருந்த ஆணையைத் தனக்குத்தானே வழங்கிக்கொண்டாள். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் போட்டாள். அப்போதுதான் ஆணையின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது கண்ணில் பட்டது. பொடித் தையலைப் பார்த்துப் பழகிய கண் அல்லவா. நீக்கப்பட்டவர் முப்பது நாளுக்குள் குறைதீர் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று போட்டிருந்தது.

அன்றைக்கே மனு எழுதினாள். மதிப்புக்குரிய அம்மா என்று தொடங்கி, என் குடும்பமே இதை நம்பியிருக்கிறது என்று கொஞ்சம் கூட்டிச் சொல்லி, இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள என்று முடித்தாள். தன்னிடமே கொடுத்தாள்.

உடனே தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். ஆனால் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த மனுவைக் கையில் எடுத்தபோது விஜயகுமாரிக்கு என்னவோ ஆகிவிட்டது. இவ்வளவு அவசரப்படுகிறாளே இந்தப் பெண் என்று தோன்றியது. உடனே கொடுத்துவிட்டால் பதவிக்கு என்ன மரியாதை? மனுவை அரிசி டப்பாவுக்கு மேல் வைத்தாள். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்து, எழுத்துத் தெளிவாக இல்லை என்று திருப்பிக் கொடுத்தாள். மனுதாரர் நல்ல பேனாவில் மறுபடி எழுதினார்.

"நம்ம மனு இன்னா ஆச்சி?" என்று பஸ்ஸில் பாரதி கேட்டபோது, "பரிசீலனைல கீது" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி கோல்கீப்பர் சரியாகத் தூங்கவில்லை. அலுவலர் நன்றாகத் தூங்கினார்.

இருபத்தொன்பதாம் நாள், இருதரப்பையும் விசாரித்து, கோல்கீப்பர் விஜயகுமாரி உடனே பணியில் சேரலாம் என்று மூ. விஜயா தீர்ப்பு எழுதினார். சம்மேளனத்தில் கிருஷ்ணராஜ் அதை இரண்டு தடவை படித்தாராம். இருபத்திரண்டு வருடத்தில் வந்த முதல் தீர்ப்பு என்பதால் என்ன செய்வதென்று தெரியாமல், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்.

முதல் பிரிவின் முதல் ஆட்டம் காட்பாடியில். புதிதாகச் சேர்ந்த மூன்று பெண்களையும் சேர்த்துப் பத்துப் பேர் ஆடினார்கள். எட்டாவது நாற்காலியில் ஒரு நீலக் கோட்டு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. உள்ளே துடைப்பக் குச்சி. அன்றைக்கு வந்த பெரியவர்கள் நான்கு பேர் அதற்கு வணக்கம் சொன்னார்கள்.

விஜயகுமாரி கோலில் நின்றாள். முழு ஆட்டமும் நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பதினொன்று வாங்கினாள். ஆனால் அறுபத்தெட்டாம் நிமிஷத்தில் இடது மூலைக்கு வந்த ஒரு பந்தை, முட்டி கதறக் கதற விழுந்து வெளியே தள்ளினாள். விழுந்த இடத்தில் அப்படியே கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தாள். மருத்துவ அலுவலர் பதறி எழுந்து, அலுவலர் மைதானத்துக்குள் வரக் கூடாது என்பது ஞாபகம் வந்து, மறுபடி உட்கார்ந்தாள். விஜயகுமாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்தால் அந்த நிமிஷம் முடிந்துவிடும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் மூர்த்தி கையை நீட்டினார். "ஒரு மேட்ச்சுன்ன. குடு, மாட்டிட்றேன்."

"டாக்டரு ஒரு வருஷம் சொல்லி கீறாரு" என்று கையுறையைப் பைக்குள் போட்டுவிட்டு, விஜயகுமாரி ஒரு காகிதத்தை எடுத்து உட்கார்ந்தாள். தடுப்பாட்டக்காரர்கள் யாரும் தன் முன்னால் நிற்பதில்லை, அதனால்தான் பதினொன்று விழுந்தது என்று குறைதீர் அலுவலருக்கு ஒரு மனு எழுதினாள். எழுதி முடித்து ஆணியில் குத்திவைத்தாள்.

இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அந்த அம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லை.